சில்லறையில் பிழைத்த பெட்டி

பக்கவாட்டுத் தகடு கழற்றப்பட்டு, எதிரே டேபிள் ஃபேன் சுழல, தென் சென்னை வீடுகளில் மேசைக்கடியில் வாழ்ந்துவந்த அசெம்பிள்டு சிபியு 2025 அக்டோபரில் காலமானது. தோற்றம் 1995. ‘படிப்புக்கு’ என்று சொல்லி வாங்கப்பட்டு, கேம் ஆடுவதற்காகவே உயிர் பிடித்து வைக்கப்பட்ட பெட்டி அது. ஆரோக்கியமாக இருந்த நாட்கள் அதன் வாழ்வில் குறைவு. ஆனாலும் சாகவில்லை. நோயோடு இத்தனை காலம் ஓட்டியதுதான் அதன் சாதனை.

யாருக்கு இந்த இரங்கல் என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மேசைக் கணினி சாகவில்லை. ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் வண்ண விளக்குகள் மின்ன, இன்றும் ஒன்றைக் கட்டித் தருவார்கள். பாகங்கள் விற்கும் ரிச்சி தெருச் சந்தையும் சாகவில்லை. ஞாயிறு தவிர்த்த நாட்களில் அங்கே இப்போதும் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. செத்தது ஏழை வீட்டு ரகம். குறைந்த காசில் வாங்கி, பழுது வரும்போதெல்லாம் குறைந்த காசில் தேற்றி, அதில் போன வருடத்து கேமை இந்த வருடம் ஆடிய ரகம்.

அதன் பிறப்புக்கு இரண்டு தேதிகள் உண்டு. 1995-இல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையை வெளியிட்டது. மதர்போர்டின் திருகு ஓட்டைகள் எங்கே வர வேண்டும், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் எந்த அளவில் இருக்க வேண்டும், எந்தக் கம்பியில் எத்தனை வோல்ட் என்பதையெல்லாம் அது வரையறுத்தது. தைவானில் எவரோ செய்த போர்டு, வேறு எங்கோ அடித்த தகரப் பெட்டிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது அதனால்தான். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1997-இல், உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது. கணினிக்கும் அதன் பாகங்களுக்குமான இறக்குமதி வரி படிப்படியாக இறங்கி 2005 வாக்கில் பூஜ்யத்துக்கு வந்தது. முதலாவது, பாகங்களைப் பொருந்த வைத்தது. இரண்டாவது, நடுத்தர வர்க்கத்தின் கைக்கு எட்ட வைத்தது.

சென்னையில் இரண்டும் சந்தித்த இடம் ரிச்சி தெரு. அண்ணா சாலைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே, ரேடியோவுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் உதிரி விற்றுக்கொண்டிருந்த சந்தை, பக்கத்து நரசிங்கபுரம் தெருவையும் சேர்த்துக்கொண்டு கம்ப்யூட்டருக்கு மாறியது. மயிலாப்பூருக்கு இதில் ஓர் அதிர்ஷ்டமும் இருந்தது. பறக்கும் ரயில் 1997-இல் லஸ் வரை வந்துவிட்டது. அந்நாளில் திருமயிலையில் ஏறினால் கலங்கரை விளக்கம், திருவல்லிக்கேணி, சேப்பாக்கம், அடுத்தது சிந்தாதிரிப்பேட்டை. இறங்கி நடந்தால் கடை. 2004-இல் பாதை திருவான்மியூர் வரை நீண்டபோது அடையாறு, கஸ்தூரிபா நகர், இந்திரா நகர்ப் பையன்களும் மடியில் மதர்போர்டு அட்டைப்பெட்டியோடு அதே ரயிலில் ஏறினார்கள்.

கடை வாசலில் நின்றபடியே கொட்டேஷன் வாங்கலாம். பிராசஸர், போர்டு, ராம், ஹார்டு டிஸ்க், கேபினட், மானிட்டர், ஸ்பீக்கர், யுபிஎஸ் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு விலை போட்டுக் கொடுப்பார்கள். அந்தத் தாள் வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் பேனா அதில் இறங்கும். முதலில் வெட்டுப்படுவது கிராஃபிக்ஸ் கார்டு.

“இது எதுக்குடா?”

“படம் நல்லா தெரியும்ப்பா.”

“இப்ப டிவியில படம் நல்லாத்தானே தெரியுது?”

இதற்கு மேல் வாதாட எந்தப் பிள்ளையிடமும் சரக்கு இருந்ததில்லை. கார்டை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று சமாதானம் ஆகும். ஆனால், அந்த ‘அப்புறம்’ பல வீடுகளுக்கு வரவே இல்லை. வர வழியும் இல்லை. 2000-களின் முற்பகுதியில் பட்ஜெட் சிஸ்டங்களில் பரவலாக இருந்தது இன்டெல்லின் 845ஜிவி சிப்செட் கொண்ட போர்டு. அக்காலத்துக் கிராஃபிக்ஸ் கார்டைச் செருகும் ஏஜிபி ஸ்லாட்டுக்கு அந்த சிப்செட்டில் இடமே கிடையாது. விலையைக் குறைத்தவர்கள் அங்கேதான் குறைத்திருந்தார்கள். இரண்டு வருடம் சேமித்து, கார்டு வாங்கப் போய், போர்டில் அதைச் செருக ஓட்டையே இல்லை என்று கடைக்காரர் டார்ச் அடித்துக் காட்டும்போதுதான் விஷயம் தெரியும்.

அந்தக் குறையோடுதான் ‘ஜிடிஏ வைஸ் சிட்டி’ ஆடப்பட்டது. கணினியில் அது வந்தது 2003 மே மாதம். திரை அளவை 640க்கு 480 என்று இறக்கி, தூரத்துக் கட்டடங்களைச் சுருக்கி, கார் திரும்பும்போது படம் ஒரு நொடி நின்று வருவதையும் பொறுத்துக்கொண்டு ஆடினார்கள். 2005 நவம்பரில் ‘நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட்’ வந்தபோது, போர்டிலேயே ஒட்டிவந்த கிராஃபிக்ஸில் பலருக்கு அது திறக்கவே இல்லை. அதற்கும் ‘3டி அனலைஸ்’ என்றொரு சின்ன மென்பொருள் கிடைத்தது. கார்டில் இல்லாத வசதி இருப்பதாக கேமிடம் பொய் சொல்லி, அந்த வேலையைப் பிராசஸரின் தலையில் கட்டும் தந்திரம் அது. திறந்தது. ஓடியது என்று சொல்ல முடியாது, நகர்ந்தது.

கேம் வந்து சேர்ந்த வழிகளையும் சொல்ல வேண்டும். பர்மா பஜாரிலும் பாண்டி பஜார் நடைபாதையிலும் பிளாஸ்டிக் உறையில் சிடி. ‘டிஜிட்’ இதழோடு வந்த டிஸ்க்கில் டெமோ. 2005-இல் பிஎஸ்என்எல்லின் டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தது. பிறகு அதன் வீட்டு இணைப்பு ஒன்றில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்ற சலுகையும் வந்தது. தெற்குச் சென்னையின் ஒரு தலைமுறை அலாரம் வைத்து 2 மணிக்கு எழுந்து டவுன்லோடைத் தட்டிவிட்டு மீண்டும் படுத்தது. கேபினட்டின் பச்சை விளக்கை அம்மா பார்த்துவிடாமல் அதன் மேல் ஒரு துண்டு தொங்கும். அந்தத் துண்டு காற்றுத் துளையையும் சேர்த்து மறைக்கும். பெட்டியின் ஆயுள் குறைந்த வழிகளில் அதுவும் ஒன்று.

ஆயுளைக் குறைக்க ஊரிலேயே நிறைய இருந்தது. பட்டினப்பாக்கம், சாந்தோம், பெசன்ட் நகர், திருவான்மியூர் வீடுகளுக்குள் வரும் கடற்காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. ராம் அட்டையின் விளிம்பில் தங்க முலாம் பூசிய பற்கள் வரிசையாக இருக்கும். அவற்றிலும் ஸ்லாட்டின் தொடுமுனைகளிலும் மெல்லிய படலம் படிந்துவிட்டால் மின்னோட்டம் தடைபடும். சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே நிற்கும். ‘டிஸ்ப்ளே வரலை’ என்பது அந்நாளின் தேசியப் புகார். மருந்து, பள்ளிக்கூட அழிரப்பர். ராமைக் கழற்றி, பற்களின் மேல் மென்மையாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, ‘டக்’ என்று இரு பக்கமும் கவ்வும்வரை அழுத்தினால் பத்தில் எட்டு முறை உயிர் வந்துவிடும் என்று எல்லோரும் நம்பினோம். சர்வீஸுக்கு வருகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்: “ராமைக் கழட்டி ரப்பர் போட்டியா தம்பி?”

நோயைப் பெட்டியே வாய்விட்டுச் சொல்லவும் செய்தது. உள்ளே காசளவு ஸ்பீக்கர் ஒன்று இருக்கும். விட்டுவிட்டு நீளமாக அடித்தால் ராம். அவார்டு பயாஸ் உள்ள போர்டில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே கார்டு. ஒன்றுமே அடிக்காவிட்டால் வீட்டில் கவலை தொடங்கும். தேதி 2002 ஜனவரி 1 என்று காட்டினால் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மூலைக் கடையில் வாட்ச் பேட்டரியோடு அதுவும் தொங்கும்.

அடுத்தது சூடு. போர்டின் மேல் பிராசஸரைச் சுற்றி உருளை உருளையாக நிற்கும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களுக்குள் திரவம் உண்டு. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் பொதுக் கணக்கு. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், மேசைக்கடியில், மூடிய தகரப் பெட்டிக்குள் அந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும்? போதாக்குறைக்கு 1999 முதல் 2007 வரை உலகச் சந்தையில் புழங்கிய கெபாசிட்டர்களில் ஏராளமானவை உள்ளே இருந்த திரவத்தின் கோளாறால் காலத்துக்கு முன்பே உப்பின, ஒழுகின. டெல் நிறுவனம் தன் ஆப்டிபிளெக்ஸ் கணினிகளில் பழுதான கெபாசிட்டர்களுக்காக 2005-இல் சுமார் 30 கோடி டாலரை ஒதுக்கியது. அவ்வளவு பெரிய நோய்க்கு இங்கே வைத்தியம் ரிச்சி தெருவின் சால்டரிங் இரும்பு. உப்பிய தலையைப் பார்த்ததுமே மெக்கானிக் உருவி எடுத்து, அதே மைக்ரோஃபாராடு, ஒரு படி கூடுதல் வோல்ட் என்று புதிதைப் பதித்துவிடுவார். உதிரிக்கு ஆன செலவைவிட ரயில் டிக்கெட்டும் டீயும் அதிகம்.

கரண்ட் மூன்றாவது எதிரி. மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகள் பலவற்றில் மூன்று முள் சாக்கெட் இருக்கும், எர்த் இருக்காது. கேபினட்டைத் தொட்டால் விரலில் ஜிவ்வென்று ஏறும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை எர்த்துக்கு அனுப்ப வைத்திருக்கும் சின்னக் கெபாசிட்டர்கள், போக வழியில்லாமல் அதைப் பெட்டிக்கே தந்துவிடுவதன் விளைவு அது. ‘செருப்பு போட்டுக்கிட்டு ஆடு’ என்பதே எல்லா வீட்டிலும் தீர்வு. 2012-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது சென்னைக்கு மட்டும் சலுகையாக நாளுக்கு 2 மணி நேரம். 600 விஏ யுபிஎஸ்ஸின் பேட்டரி மூப்படைந்த வீடுகளில் அது கரண்ட் போனதை ‘பீப்’ என்று அறிவிப்பதோடு தன் கடமையை முடித்துக்கொண்டது. ‘சேவ்’ செய்வதற்குள் திரை அணையும்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் ஏமாற்றும் இருந்தது. 450 வாட் என்று ஒட்டியிருக்கும். உள்ளே அதில் பாதிக்கும் சரக்கு இருக்காது. கார்டு போட்டு கேம் தொடங்கிய மறுநிமிடமே சிஸ்டம் தானாக ரீஸ்டார்ட் ஆகும். விவரம் தெரிந்தவர்கள் லேபிளைப் படிக்க மாட்டார்கள், கையில் தூக்கிப் பார்ப்பார்கள். கனமாக இருந்தால் உள்ளே செம்பும் அலுமினியமும் இருக்கிறது என்று பொருள்.

எது பழுது என்று கண்டுபிடிக்கக் கருவிகள் யாரிடமும் இல்லை. நண்பர்கள் இருந்தார்கள். பக்கத்து வீட்டு ராமை இங்கே போட்டுப் பார்ப்பது, இந்த வீட்டு ஹார்டு டிஸ்க்கை அங்கே எடுத்துப் போவது. தெருவுக்கு ஒருவன் நல்ல எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பான். சைக்கிள் கேரியரில் அது தெருத்தெருவாகப் போய்வரும். தனக்கு இரண்டு ராம் இருந்தவன் பரீட்சை முடியும்வரை ஒன்றைக் கடன் கொடுப்பான். ஒரு போர்டுக்கும் இன்னொரு போர்டுக்கும் எது ஒத்துப்போகும், டிடிஆர் 1-க்கும் 2-க்கும் நடு வெட்டு எங்கே மாறுகிறது என்பதையெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் வேதியியலில் தோற்றார்கள். அவர்களில் எத்தனையோ பேர் பிறகு தரமணியிலும் ஓஎம்ஆரிலும் அந்த அறிவாலேயே வேலைக்குச் சேர்ந்தார்கள். ‘படிப்புக்கு’ என்று சொல்லி வாங்கியது முழுப் பொய்யும் இல்லை.

இந்தப் பெட்டி ஏழைக்கு உகந்ததாக இருந்ததற்கு விலை மட்டும் காரணமில்லை. அது ஒரேயடியாகச் சாகாது. இந்த ஆடியில் எஸ்எம்பிஎஸ், தீபாவளிக்கு முன்னால் ராம், அடுத்த வருடம் ஹார்டு டிஸ்க் என்று ஒவ்வோர் உறுப்பாகத்தான் போகும். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு சின்ன விலை. சில நூறு ரூபாய், மிஞ்சிப்போனால் இரண்டாயிரம். அதைக் கேட்க ஒரு நல்ல வேளை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சீட்டுக் கட்டுவதுபோல, ஒரே நாளில் புரட்டவே முடியாத தொகையைப் பத்து ஆண்டுகளில் சில்லறையாகக் கட்டி முடித்தது அந்தக் குடும்பம். பத்தாவது ஆண்டில் பார்த்தால் கேபினட்டைத் தவிர முதலில் வாங்கிய எதுவும் உள்ளே இருக்காது. ஆனாலும் வீட்டில் யாரும் புது கம்ப்யூட்டர் வாங்கியதாக நினைவிருக்காது.

அதன் முடிவும் உறுப்பு உறுப்பாகத்தான் வந்தது. 2011 அக்டோபரில் தாய்லாந்தில் வெள்ளம் வந்து ஹார்டு டிஸ்க் ஆலைகள் மூழ்கியபோது ரிச்சி தெருவில் விலை தாறுமாறாக ஏறியது. சின்னச் சந்தை எவ்வளவு தூரத்துக் கயிற்றில் ஆடுகிறது என்பதற்கு அது முதல் எச்சரிக்கை. 2015 டிசம்பரில் வெள்ளம் நம் வீட்டுக்கே வந்தது. அடையாறு கரை மீறி, கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் தரைத்தளத்துக்குள் புகுந்தபோது, எல்லா வீட்டிலும் தரைக்கு மிக அருகில் இருந்த மின்சாதனம் மேசைக்கடியில் கிடந்த இந்தப் பெட்டிதான். போர்டுகளை மொட்டை மாடியில் காயப்போட்டவர்கள் உண்டு. சில பிழைத்தன. செத்த இடத்தில் பல வீடுகளில் லேப்டாப் வந்தது.

அதற்கிடையே பையன்களின் கையில் போன் வந்தது. 2016-இல் ஜியோ வந்தபின் டேட்டா மலிந்தது. 2018-இல் பப்ஜி வந்தபோது, கார்டு, போர்டு, எஸ்எம்பிஎஸ் என்று எதைப் பற்றியும் தெரியாமலே ஒரு தம்பி கேம் ஆடுபவனாகிவிட முடிந்தது. 2020 செப்டம்பரில் அரசு அதைத் தடை செய்தது. மறு ஆண்டு ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் அது திரும்பியது. போனில் எதையும் கழற்ற முடியாது. ராம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். லேப்டாப்பிலும் அதே நிலை பரவியது. ரப்பர் போட இடமே இல்லை.

ஆனாலும் பெட்டியின் மூச்சை உண்மையில் நிறுத்தியது மலிவான கார்டு மறைந்ததுதான். 2016 அக்டோபரில் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வந்தது. அமெரிக்க விலை 139 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் ரூபாய், வரி தனி. அதைவிடப் பெரிய குணம் ஒன்று அதற்கு இருந்தது: 75 வாட்டுக்குள் ஓடும், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனிக் கம்பி கேட்காது. அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய டெல் பெட்டியில் செருகினாலும் ‘ஜிடிஏ 5’ ஓடும். அந்த ‘ஜிடிஏ 5’-உம் இரக்கமுள்ள கேம். கணினியில் 2015-இல் வந்தும் குறைந்தபட்சத் தேவையாக அது கேட்டது 2007-இன் கோர் 2 குவாட் பிராசஸரையும் 2008-இன் 9800 ஜிடி கார்டையும்தான்.

பிறகு, கிராஃபிக்ஸ் கார்டுகளை ஓடவிட்டு நாணயம் ஈட்டும் கிரிப்டோ சுரங்கக்காரர்கள் வந்தார்கள். 2017–18இலும், மீண்டும் 2020 முதல் 2022 வரையிலும் கார்டுகள் கேம் ஆடுபவனின் கைக்கு வரவில்லை. வந்தால் இரட்டை விலை. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் நாணயம் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறியதும் அந்தச் சுரங்கம் நின்றது, இரவும் பகலும் உழைத்துத் தேய்ந்த கார்டுகள் செகண்ட் ஹேண்டாகக் குவிந்தன. ‘டெஸ்டிங் வாரண்டி’ மட்டும் என்பார்கள்: கடையில் போட்டுக் காட்டுவோம், படி இறங்கினால் உன் பாடு. ஆனால், புதிய கார்டுகளின் கீழ்த்தட்டு பழைய இடத்துக்கு இறங்கி வரவே இல்லை. 2022 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 3050 வந்த விலை 249 டாலர். 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5050-க்கும் அதே 249 டாலர். அந்த ஆண்டு ரூபாயில் வரிக்கு முன்பே இருபத்தோராயிரம். 2024-இல் வந்த 6 ஜிபி 3050 மட்டும் தனிக் கம்பி கேட்காத பழைய மரபில் வந்தது. அதுவும் 1050 டிஐ விலைக்கு இறங்கவில்லை. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 199 டாலருக்கு வந்தபோது ஆசை எழுந்தது. அதற்குத் தரவு போய்வர நான்கு பாதைகள் மட்டுமே வைத்திருந்தார்கள். பழைய போர்டில் போட்டால் வேகம் விழுந்தது. பழைய போர்டு வைத்திருப்பவனுக்காகத்தான் மலிவுக் கார்டு என்ற அடிப்படையே அங்கே உடைந்தது.

மென்பொருளும் கைவிட்டது. 2021-இல் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் இன்டெல்லின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட பிராசஸரும் கேட்டது. 2017-இல் நன்றாகக் கடன்பட்டு வாங்கிய ஏழாம் தலைமுறை ஐ5, நான்கே ஆண்டுகளில் தகுதி இழந்தது. ஓடும் வேகத்தில் குறை இல்லை, பட்டியலில் பெயர் இல்லை. ‘வேலரண்ட்’ கேம் கோர் 2 டுவோவிலும் ஓடும் அளவுக்குப் பரிவோடு எழுதப்பட்டது. ஆனால் விண்டோஸ் 11-இல் அதுவும் டிபிஎம் எங்கே என்று கேட்கிறது. 2024 டிசம்பரில் வந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்’ ஒளிக்கதிர்க் கணக்கைச் செய்யும் வன்பொருள் கார்டில் இல்லையென்றால் திறக்கவே மறுக்கிறது. அமைப்புகளை எவ்வளவு தாழ்த்தினாலும் பயனில்லை. தாழ்த்தித் தாழ்த்தி ஆடிய கலைக்கு அங்கே வேலையே இல்லை.

கடைசியாக 2025 அக்டோபர். 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. வேண்டுவோருக்கு ஓராண்டு நீட்டிப்பு, ஆக்சிஜன் சிலிண்டர் மாதிரி. அதே மாதத்தோடு 1050 டிஐ உள்ளிட்ட ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புது கேம்களுக்கான டிரைவர்களை நிறுத்துவதாக என்விடியா அறிவித்திருந்தது. 2028 வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும். சரி, புது போர்டும் ராமும் வாங்கலாம் என்று எழுந்தவர்களுக்கு அந்தக் குளிர்காலத்தில் இன்னோர் அடி விழுந்தது. செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக வாரிக்கொண்டதால் ராம் விலை சில மாதங்களில் இரண்டு மடங்குக்கும் மேல் போனது. 2025 டிசம்பர் 3 அன்று மைக்ரான் நிறுவனம், சில்லறை வாடிக்கையாளருக்கு ராம் விற்றுவந்த தன் குரூஷியல் பிராண்டையே மூடுவதாகச் சொன்னது. ரப்பர் போட்டுப் பிழைக்க வைத்த அதே உறுப்புதான் இறுதியில் காலை வாரியது.

செத்தவர்களின் குறையைச் சொல்லக் கூடாது என்பார்கள். இதற்கு அந்த மரியாதை பொருந்தாது. அதன் பாதி வாழ்க்கை பில் இல்லாமல் நடந்தது. ஓடிய விண்டோஸும் கேமும் பெரும்பாலும் திருட்டுச் சரக்கு. மலிவு எஸ்எம்பிஎஸ் வெடித்துப் போர்டையும் சேர்த்துக் கொண்டுபோன வீடுகள் உண்டு. கழித்த போர்டுகளும் கெபாசிட்டர்களும் எந்தக் குப்பையில் எரிந்தன என்று யாரும் கேட்கவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அது பையன்களின் பெட்டியாகவே இருந்தது. அக்கா தங்கைகள் தட்டச்சுக்கும் பாட்டுக்கும் உட்காரலாம். தகட்டைக் கழற்றும் உரிமையும் ரிச்சி தெருவுக்கு ரயில் ஏறும் உரிமையும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் ராம் கேட்டு நின்றால் கடையே திரும்பிப் பார்த்த காலம் அது. பழுதுபார்க்கக் கற்றுத் தந்த பள்ளி என்று இதைப் புகழ்கிறவர்கள், அந்தப் பள்ளியில் பாதி ஊருக்கு இடம் இருந்ததில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

எஞ்சியிருப்போர்: கார்டு இல்லாமலே ஓரளவு ஆட்டம் காட்டும் ரைசன் 5600ஜி வகைப் பிராசஸர்கள். ஐடி கம்பெனிகள் கழித்து ரிச்சி தெருவுக்கு வரும் ரிஃபர்பிஷ்டு டெஸ்க்டாப்கள். இவற்றைத்தான் இப்போது குறைந்த பட்ஜெட்டில் வாங்கச் சொல்கிறார்கள், நியாயமான யோசனைதான். ஆனால், பெட்டியைத் திறந்து பார்த்தால் குடும்பச் சாயல் இருக்காது. பல டெல் ஆப்டிபிளெக்ஸ்களில் 1995 மரபின் நீளமான மின் இணைப்புக்குப் பதில் அவர்களுக்கே உரிய 8 முள் இணைப்பு. எஸ்எம்பிஎஸ் போனால் அடுத்த கடையில் எடுத்துப் போட முடியாது. அதே மாடலின் இன்னொரு பிணத்தைத் தேட வேண்டும். பொது எஸ்எம்பிஎஸ்ஸின் 24 முள்ளை 8 ஆக்கும் ஒரு கம்பி இருக்கிறது. அதை வாங்கிப் பொருத்திக்கொண்டிருக்கும் தம்பிகளே மறைந்த பெட்டியின் உண்மையான வாரிசுகள்.

பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் திறந்தது. மின்கழிவு விதிகளும் புதுப்பிக்கப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. வரவேற்க வேண்டியவையே. ஆனால் கையேடும் சர்வீஸ் சென்டர் முகவரியும் கிடைத்துவிட்டால் உரிமை வந்துவிட்டதாக ஆகாது. சர்வீஸ் சென்டரில் போர்டை மொத்தமாக மாற்றச் சொல்லி, புதுக் கருவியின் முக்கால் விலையைக் கேட்டால் அது உரிமையா, வேறொரு விற்பனையா? இந்தத் துறையில் சட்டம் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு கருவியிடமும் இரண்டே கேள்விகள் கேட்டால் போதும். கெட்டுப்போன பாகத்தை மட்டும் தனியாகக் கழற்ற முடியுமா? அதை அந்த மாதச் சம்பளத்துக்குள்ளேயே வாங்க முடியுமா? தென் சென்னையில் முப்பது ஆண்டுகள் மூச்சு வாங்கிக்கொண்டே ஓடிய இந்தத் தகரப் பெட்டி, ஆயிரம் குறைகளோடும், இரண்டுக்கும் ஆம் என்று சொன்னது. அதன் இடத்துக்கு வந்திருக்கும் அழகான, மெலிந்த, ஒட்டி மூடிய கருவிகள் இரண்டுக்கும் இல்லை என்கின்றன.